முதல்முறை நீலப் பாப்பி பார்க்கப் போகிறவர்களுக்கு

உத்தராகண்டில் இருக்கும் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்புகிற பலர் நீலப் பாப்பியைப் பார்க்காமலேயே வந்துவிடுகிறார்கள். பூ அங்கே இருக்கத்தான் செய்கிறது. தவறான மாதத்தில் போயிருப்பார்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்திருப்பார்கள், அல்லது புல்வெளியையே பார்த்துக்கொண்டு பாறைகளைக் கவனிக்காமல் நடந்திருப்பார்கள். இமயமலைப் பக்கம் இதுவரை போகாதவர், செடிகளைப் பற்றிப் பெரிதாகத் தெரியாதவர், ஆனால் அந்த நீலத்தை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும், இந்தக் கட்டுரை அவருக்காக எழுதப்பட்டது.

1. எந்தப் பூவைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீலப் பாப்பி என்பது ஒரே ஒரு செடியின் பெயர் அல்ல. மெக்கனாப்சிஸ் என்ற பேரினத்தில் பல இனங்கள் உண்டு. நம் சமையலறைக் கசகசாவைத் தருகிற செடியும் இதே குடும்பம்தான். இணையத்தில் தேடினால் கிடைக்கிற அகன்ற வானீல இதழ்ப் படங்கள் பெரும்பாலும் கிழக்கு இமயமலை, திபெத் பக்கத்து இனங்களுடையவை. 1913-இல் ஃபிரெடரிக் பெய்லி என்ற ஆங்கிலேய அதிகாரி திபெத்தின் சாங்போ ஆற்றுப் பகுதியில் அப்படி ஒன்றைக் கண்டார். 1924-இல் ஃபிராங்க் கிங்டன் வார்ட் அதன் விதைகளைச் சேகரித்து அனுப்ப, பிரிட்டிஷ் தோட்டங்களில் அது பெரும்புகழ் பெற்றது. பூட்டானின் தேசிய மலரும் ஒரு நீலப் பாப்பிதான்.

உத்தராகண்டில் நாம் பார்க்கப் போவது வேறு இனம்: மெக்கனாப்சிஸ் அகுலியேட்டா. மேற்கு இமயமலைக்கே உரியது. பாகிஸ்தானில் தொடங்கி காஷ்மீர், இமாச்சலம் வழியாக உத்தராகண்ட் வரை, ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேலே, ஈரமான சரிவுகளில் வளர்கிறது. இதன் நீலத்தில் சில செடிகளில் கொஞ்சம் ஊதா கலந்திருக்கும். பூவும் படங்களில் பார்த்த அளவுக்குப் பெரிதாக இருக்காது. இதை முன்பே தெரிந்துகொண்டு போனால், நேரில் பார்க்கும்போது 'இது அதுதானா' என்ற குழப்பம் வராது.

அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செடி முழங்கால் உயரம் இருக்கும், பல சமயம் அதற்கும் குறைவு. தண்டு, இலை, மொட்டு, காய் என்று எங்கு பார்த்தாலும் வைக்கோல் நிறத்தில் விறைப்பான முட்கள். அகுலியேட்டா என்ற பெயரே முள்ளைக் குறிப்பதுதான். இலைகள் ஒழுங்கில்லாமல் ஆழமாகப் பிளந்திருக்கும். இதழ்கள் பெரும்பாலும் நான்கு, சில பூக்களில் கூடுதலாகவும் இருக்கும். மெல்லிய காகிதத்தைக் கசக்கிப் பிரித்தது போல இதழில் சுருக்கம் தெரியும். நடுவில் பொன்மஞ்சள் மகரந்தக் கேசரங்கள் கொத்தாக நிற்கும். பூ சற்றே தலைகுனிந்து பக்கவாட்டில் பார்க்கும். நீல இதழ், மஞ்சள் நடு, உடம்பெல்லாம் முள்: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்தச் செடியின் வாழ்க்கையைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இது வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும். விதை முளைத்ததும் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகச் சில ஆண்டுகள் இருக்கும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மேலே எல்லாம் வாடிப்போய், வேர் மட்டும் பனிக்கு அடியில் பிழைத்துக் கிடக்கும். போதுமான பலம் சேர்ந்த ஆண்டில் தண்டு விட்டு, பூத்து, காய்த்து, விதை உதிர்த்து, அதோடு செத்துப்போகும். நம் நீலக்குறிஞ்சியும் ஒருமுறை பூத்து மடிகிற செடிதான். ஆனால் குறிஞ்சி மலை முழுக்க ஒரே ஆண்டில் சேர்ந்து பூக்கிறது. 2018-இல் பூத்தது, அடுத்து 2030. நீலப் பாப்பிக்கு அந்த ஒற்றுமை கிடையாது. ஒவ்வொரு செடியும் தனக்கு வேளை வந்தபோது பூக்கிறது. அதனால் எல்லா ஆண்டும் கொஞ்சம் பூ இருக்கும், எந்த ஆண்டும் மலை முழுக்க நீலமாகாது. இங்கே ஒரு பூவைப் பறிப்பது என்றால், பல பனிக்காலங்களைத் தாண்டி வந்த செடி தன் ஒரே வாய்ப்பில் போடவிருந்த விதையைப் பறிப்பது. வேரை மருந்துக்காகத் தோண்டி எடுப்பதாலும் இதன் எண்ணிக்கை பல இடங்களில் குறைந்திருக்கிறது.

2. மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஜூன் முதல் தேதி திறந்து அக்டோபரில் மூடுகிறது. நீலப் பாப்பிக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் ஜூலை கடைசி வாரத்தைச் சொல்வேன்.

ஜூனில் போனால் பள்ளத்தாக்கில் இன்னும் பனித்திட்டுகள் கிடக்கும். உருகும் பனியின் ஓரத்தில் பிரிமுலாக்களும், ஓடைச் சேற்றில் மஞ்சள் கால்தா பூக்களும் வந்திருக்கும். அதுவும் அழகுதான், ஆனால் நாம் தேடி வந்தது இருக்காது. ஆகஸ்ட் பாதிக்கு மேல் உயரமான செடிகள் இடுப்பளவு வளர்ந்து பாதையின் இருபுறமும் மறைத்துவிடும். நம் காசித்தும்பையின் உறவான இளஞ்சிவப்புப் பூக்கள் அப்போதுதான் கூட்டமாகப் பூக்கும். செப்டம்பரில் வானம் தெளிந்து மலைமுகடுகள் நன்றாகத் தெரியும்; பாப்பி அப்போது முள் காயாக நிற்கும்.

மழைக்காலத்திலா போகச் சொல்கிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். ஆமாம், மழைக்காலத்தில்தான். இந்தப் புல்வெளிகளை அங்கே புக்யால் என்கிறார்கள். மரங்கள் வளரக்கூடிய எல்லைக்கு மேலே, கோடையில் பனி உருகிய நீரும் அதற்குப் பிறகு பருவமழையும் சேர்ந்து மண்ணை மூன்று நான்கு மாதம் ஈரமாகவே வைத்திருக்கும் இடங்கள் இவை. அந்தச் சில மாதங்களுக்குள் முளைத்து, பூத்து, விதை போட்டு முடிக்க வேண்டும் என்பதால்தான் இத்தனை செடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பூக்கின்றன. மழை வேண்டாம் என்றால் பூவும் வேண்டாம் என்றாகிவிடும்.

3. நாட்களைத் தாராளமாக ஒதுக்குங்கள்

ஹரித்வார் அல்லது ரிஷிகேஷிலிருந்து கணக்கிட்டால் போக வர எட்டு நாட்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாட்களில் முடிக்கலாம். மீதி இரண்டில் ஒரு நாள் மழைக்கு, ஒரு நாள் மண்சரிவுக்கு. ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் போகிற நெடுஞ்சாலை கங்கையையும் பிறகு அலக்நந்தாவையும் ஒட்டியே போகிறது. தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, சமோலி, ஜோஷிமட் என்று வழி. ஜோஷிமட் வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர்; சாலை நன்றாக இருந்தாலே பத்து மணி நேரம் பிடிக்கும். ஜூலையில் எங்காவது ஓரிடத்தில் பாறை சரிந்து, மண் அள்ளும் இயந்திரம் வந்து சரிசெய்யும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மலைச்சாலையில் இரவில் வண்டி ஓட்ட விடமாட்டார்கள். எனவே விடியற்காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். சென்னைக்குத் திரும்பும் விமானத்தையோ ரயிலையோ மலையிலிருந்து இறங்கும் நாளுக்கு அடுத்த நாளே போட்டுவிடாதீர்கள்.

நான் சொல்லும் வரிசை இது. முதல் நாள் ஜோஷிமட் போய்த் தங்குங்கள். அது ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். சமவெளியிலிருந்து வந்த உடம்பு ஒரு ராத்திரி அங்கே பழகட்டும். இரண்டாம் நாள் கோவிந்த்காட் வழியாக, மேலே தங்குவதற்கான ஊரான காங்கரியா. மூன்றாம் நாள் மலர்ப் பள்ளத்தாக்கு. நான்காம் நாள் சீக்கியர்களின் புனித ஏரியான ஹேம்குண்ட். ஐந்தாம் நாள் மறுபடி பள்ளத்தாக்கு, அல்லது மழையால் கெட்ட நாளுக்கு ஈடு. ஆறாம் நாள் இறக்கம். அன்றே ஜோஷிமட் வந்துவிடலாம். அதற்குப் பிறகு ரிஷிகேஷ் வரை ஒரு முழுநாள் பயணம் இருக்கிறது.

பள்ளத்தாக்கை முதலிலும் ஹேம்குண்டைப் பிறகும் வைத்ததற்குக் காரணம் உண்டு. பள்ளத்தாக்கு 3,300 மீட்டரிலிருந்து மெதுவாக ஏறுகிறது. ஹேம்குண்ட் ஏரி 4,000 மீட்டருக்கு மேலே, செங்குத்தான ஏற்றம். காங்கரியாவில் இரண்டு இரவு தூங்கிய உடம்புக்கு அது எவ்வளவோ எளிது.

4. புறப்படும் முன்

பத்ரிநாத், ஹேம்குண்ட் பக்கம் போகிற யாத்திரிகர்கள் உத்தராகண்ட் அரசின் இணையதளத்தில் பெயர் பதிய வேண்டும். பூங்காவுக்கு அனுமதிச் சீட்டு தனி. கட்டணமும் நடைமுறையும் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆதார் அட்டையின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும்.

ஒரு மாதத்துக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள். சமதரையில் நடப்பதைவிடப் படி ஏறி இறங்குவது பயன்படும். இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. மலை உயரத்தில் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கும் மாத்திரையும் அவர் சொன்னால்தான்.

பையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கணுக்காலைப் பிடிக்கிற, ஈரக்கல்லில் வழுக்காத காலணி. புது ஜோடியை அங்கே போய் முதல்முறை மாட்டாதீர்கள். முதுகுப்பையையும் சேர்த்து மூடுகிற மழைக்கோட்டு. குடை காற்றில் நிற்காது. உலர்ந்த காலுறைகள் நிறைய. கம்பளிச் சட்டை, குல்லா, டார்ச், பவர் பேங்க். துணிகளைத் தனித்தனி பிளாஸ்டிக் பைகளில் கட்டி வையுங்கள், அந்தப் பைகளையும் திரும்பக் கொண்டுவாருங்கள். கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் எல்லாரிடமும் இருக்க வேண்டும். ஏற்றத்தில் அதைவிடத் தெம்பு தருவது எனக்குத் தெரியவில்லை. பணம் நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், மேலே போனால் சிக்னலை நம்ப முடியாது.

5. காங்கரியா வரை நடை

ஜோஷிமட்டிலிருந்து கோவிந்த்காட் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கிருந்து புல்னா கிராமம் வரை நாலு கிலோமீட்டர் பகிர்வு ஜீப்பில் போகலாம். புல்னாவிலிருந்து காங்கரியா ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் நடை. சாதாரண நடைக்காரருக்கு ஐந்து ஆறு மணி நேரம். கல் பாவிய பாதை, வழி நெடுக டீக்கடைகள். கோவேறு கழுதைகள் வரும்போது மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்தின் பக்கமாக ஒருபோதும் நிற்காதீர்கள். மூங்கில் கழி ஒன்று அடிவாரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்; இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

பெரிய பையைச் சுமை தூக்குபவரிடமோ கழுதையிலோ அனுப்பலாம். முதல்முறை போகிறவர்கள் அப்படிச் செய்வதே நல்லது. 2013 ஜூன் வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கின் பாலங்களையும் பாதையையும் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கட்டியெழுப்பிய மக்களுக்கு, நடக்க முடிகிற இந்தச் சில மாதங்கள்தான் ஆண்டு முழுவதற்குமான வருமானம். கூலியில் பேரம் பேசி மிச்சம் பிடிக்காதீர்கள்.

காங்கரியா 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஒரு தெரு. விடுதிகள், சாப்பாட்டுக்கடைகள், ஒரு பெரிய குருத்வாரா. குருத்வாராவில் தங்கவும் சாப்பிடவும் இடம் தருவார்கள். தலையை மூடி, காலணியைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். கடைகளில் சப்பாத்தி, பருப்பு, உருளைக்கிழங்குப் பரோட்டா, சோறு எல்லாம் கிடைக்கும். பனிக்காலத்தில் இந்த ஊரே காலியாகிவிடும்.

அன்று மாலை தலைவலி லேசாக இருந்தால் நிறையத் தண்ணீர் குடித்து, சூடாகச் சாப்பிட்டு, சீக்கிரம் படுங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் காத்திருக்காமல் இறங்கிவிட வேண்டும். விடியட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

6. பள்ளத்தாக்கில் முதல் நாள்: கண்ணைப் பழக்குங்கள்

காலையில் சோதனைச்சாவடி திறக்கும் நேரத்துக்கு அங்கே இருங்கள். மதியத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், மாலை ஐந்து மணிக்குள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே கடை கிடையாது, கூடாரம் போடக் கூடாது, கழுதைகளுக்கு அனுமதி இல்லை. மதிய உணவை ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள்.

காங்கரியாவைத் தாண்டியதும் பாதை பிரியும். வலப்பக்கம் ஹேம்குண்ட், இடப்பக்கம் பள்ளத்தாக்கு. புஷ்பாவதி ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் ஓர் ஏற்றம் வரும். வெள்ளைப் பட்டை உரிகிற பூர்ஜ மரங்கள் இங்கே நிற்கும். காகிதம் வருவதற்கு முன் வடநாட்டுச் சுவடிகள் எழுதப்பட்டது இந்தப் பட்டையில்தான். மரங்கள் முடிந்த இடத்தில் பள்ளத்தாக்கு திடீரென்று விரியும். பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்று படம் எடுத்துவிட்டு, கொஞ்சம் நடந்து, திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நிற்காமல் மெதுவாக உள்ளே போங்கள்.

முதல் நாள் நீலப் பாப்பியைக் கண்டே ஆக வேண்டும் என்று பதற வேண்டாம். அன்றைய வேலை, நீலமாகத் தெரிகிற மற்ற பூக்களைப் பிரித்தறியக் கற்றுக்கொள்வது. ஊதா கலந்த நீலத்தில் ஐந்து இதழோடு, நடுவில் வெளிறி, இதழில் கோடுகள் ஓடுகிற பூ ஜெரானியம். பாதையோரம் எங்கும் இருக்கும், ஏமாறுகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். கரண்டியைக் கவிழ்த்தது போன்ற மூடியுடன் அடர்நீலமாக நிற்பது அகோனிடம். அது கடும் விஷம், தொடக்கூட வேண்டாம். மணி போலத் தொங்குபவை கம்பானுலா. இவை எதற்கும் பாப்பியின் அந்த முள் தண்டும் பொன்மஞ்சள் கொத்தும் கிடையாது. ரத்தச்சிவப்பில் பொட்டென்டில்லா, மஞ்சளில் லிகுலாரியா, வெள்ளையில் அனிமோன் என்று மற்ற நிறங்களையும் பெயரோடு பார்த்துப் பழகினால், நீலத்தில் எது புதிது என்று கண் தானாகவே சொல்லும்.

இங்கே ஒரு செடியைப் பற்றி நிறையக் கேள்விப்படுவீர்கள். உள்ளூரில் அமேலா என்கிறார்கள். வெள்ளைப் பூங்கொத்துகளோடு ஆளுயரத்துக்கு வளர்ந்து, தன் நிழலில் சின்னச் செடிகளை அமுக்கிவிடும் ஒரு பாலிகோனம். வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல, இமயமலைச் செடியேதான். 1982-இல் பூங்கா அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து ஆடு மாடு மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. மேய்ச்சல் நின்றதால்தான் அமேலா பெருகியது என்று ஒரு தரப்பு, மண்சரிவும் முன்பு மிதிபட்ட நிலமும்தான் காரணம் என்று இன்னொரு தரப்பு. விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. வனத்துறை ஆட்களை வைத்து இதைப் பிடுங்கி எடுக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமான ஒரு புல்வெளியைக்கூட வேலி போட்டு விட்டுவிட்டால் மட்டும் காப்பாற்றிவிட முடியாது என்பதை நேரில் பார்க்க வேண்டுமென்றால், அமேலா அடர்ந்த ஒரு திட்டின் அருகே நின்று அதன் காலடியில் என்ன பூத்திருக்கிறது என்று பாருங்கள்.

பாப்பியைத் தேடவேண்டிய இடம் இந்த அடர்ந்த புல்வெளி அல்ல. பெரிய பாறைகளின் அடிவாரம், பாறைப் பிளவுகள், நீர் கசிகிற சரிவுகள், மண் சரிந்து கல் குவிந்த ஓரங்கள். வேர் ஈரத்தில் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது, உயரமான செடிகளின் நெரிசலும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட இடம் கண்ணில் பட்டதும் நின்று, கீழிருந்து மேலாக நிதானமாகப் பாருங்கள்.

தெம்பு இருந்தால் ஜோன் மார்கரெட் லெக் கல்லறை வரை நடந்துவிட்டு வாருங்கள். 1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் குழுவினர் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். 1937-இல் செடிகளுக்காகவே ஸ்மைத் மறுபடியும் வந்தார். அவர் எழுதியதற்குப் பிறகுதான் வெளியுலகுக்கு இந்த இடம் தெரிந்தது. பியூந்தார் கிராமத்து மேய்ப்பர்களுக்கு அது எப்போதும் தெரிந்த இடம்தான். அதன் பிறகு 1939-இல் செடி சேகரிக்க பிரிட்டனிலிருந்து வந்த லெக், பாறைச்சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். பாதையை விட்டு விலகி ஈரப்பாறையில் ஏறாதீர்கள் என்று வனக்காவலர்கள் சொல்வதை அந்தக் கல்லறை முன்னால் நின்று யோசித்துப் பார்க்கலாம்.

7. ஹேம்குண்ட் ஏற்றம்: பாப்பியை அதிகம் எதிர்பார்க்க வேண்டிய இடம்

பலரும் பள்ளத்தாக்கில் தேடிச் சலித்துவிட்டு, ஹேம்குண்டைக் கோயில் பயணமாக மட்டும் நினைத்துத் தலையைக் குனிந்தபடி ஏறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் நீலப் பாப்பிக்கு இந்த ஏற்றமே முதல் இடம். காங்கரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேண்டும். பாதையின் மேல்பாதியில் மரங்கள் இல்லை. மலைப்பக்கம் முழுக்க நீர் வழிகிற பாறைச்சுவர்கள். அந்தச் சுவர்களின் இடுக்குகளில், சில இடங்களில் கண்மட்டத்திலேயே, பாப்பி நிற்கும்.

அதிகாலையிலேயே கிளம்புங்கள். மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும், மேலே தங்க அனுமதி இல்லை, மதியம் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். நூறு அடி நடந்து ஒரு நிமிடம் நிற்பது என்று ஏறுங்கள். நிற்கும் ஒவ்வொரு முறையும் மலைப்பக்கச் சுவரைப் பாருங்கள். மூச்சு வாங்க நிற்கிற நேரமே செடி பார்க்கிற நேரமாகிவிடும். கழுதையில் ஏறிப் போகிறவர்களுக்கு இது வாய்க்காது. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் ஏறும்போது கழுதையும் இறங்கும்போது நடையுமாக வைத்துக்கொள்ளலாம்.

பாப்பித் தண்டில் பூக்கள் மேலிருந்து கீழாக மலரும். உச்சியில் இருப்பது முதலில், அடியில் இருப்பது கடைசியில். அதை வைத்துப் பருவம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். உச்சியில் பூவும் கீழே மொட்டுகளும் இருந்தால் பருவம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இன்னும் மேலே போகப் போக மொட்டுகளே அதிகம் இருக்கும். உச்சியில் முள் காய் நின்று அடியில் மட்டும் பூ இருந்தால் இங்கே பருவம் முடிகிறது, இன்னும் உயரத்தில் போய்த் தேடுங்கள். உயரம் கூடக் கூடப் பூப்பது தாமதமாகும் என்பதால், கீழே தவறவிட்டதை மேலே பிடிக்க வாய்ப்பு உண்டு.

ஏரியை நெருங்கும்போது பிரம்மகமலம் வரும். நம் ஊர் மாடிகளில் இரவில் பூக்கிற ஒரு கள்ளிச்செடியைப் பிரம்மகமலம் என்று சொல்லி அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டுவோமே, அது மெக்சிகோ பக்கத்துச் செடி. உத்தராகண்டின் மாநில மலரான பிரம்மகமலம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிர்மஞ்சள் காகிதம் போன்ற மடல்கள் உள்ளே இருக்கும் ஊதாக் கொத்தை மூடியிருக்கும். அந்த மடல்கள்தான் மேலே அடிக்கிற குளிரிலிருந்து பூவைக் காக்கின்றன. இதையும் பார்த்துவிட்டு, குருத்வாராவில் தருகிற சூடான தேநீரைக் குடித்துவிட்டு இறங்குங்கள். இறங்கும்போதும் சுவரைப் பாருங்கள். ஏறும்போது கண்ணில் படாத செடிகள், மேலிருந்து பார்க்கும் கோணத்தில் தெரியும்.

8. பார்த்ததும் என்ன செய்வது

முதலில் கேமராவை எடுக்காதீர்கள். காலடியைப் பாருங்கள். பூத்த செடியைச் சுற்றி, அடுத்தடுத்த ஆண்டுகளில் பூக்கவேண்டிய இளம் இலைக்கொத்துகள் தரையோடு தரையாக இருக்கும். முட்கள் நிறைந்த சின்ன இலைகள். மிதித்தால் தெரியக்கூடத் தெரியாது. படத்துக்காக ஓர் அடி எடுத்துவைப்பதில் பூக்காமலே போகிற செடிகள் உண்டு. பாதையில் நின்றபடியே எடுங்கள், தேவைப்பட்டால் ஜூம் செய்யுங்கள்.

மேகமூட்டம் நல்லது. நேர்வெயிலில் அந்த நீலம் கைபேசித் திரையில் வெளிறியோ ஊதாவாகவோ விழும். மழை நின்ற பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் நிறம் ஆழமாக வரும். பூவை மட்டும் எடுத்துவிட்டு வராமல், இலை, தண்டின் முள், காய், அது நிற்கிற பாறை ஆகியவற்றையும் தனித்தனியாக எடுங்கள். பின்னால் யாராவது இது எந்த இனம் என்று உறுதிசெய்ய அவை தேவைப்படும். ஓடுகிற தண்ணீரைக் கையில் பிடித்து செடிமேல் தெளித்து 'பனித்துளிப் படம்' எடுக்கிறவர்களைப் பார்த்தால் வேண்டாம் என்று அன்பாகச் சொல்லுங்கள்; நனைந்த இதழ்கள் எளிதில் கிழியும்.

விதை கொண்டுபோய் ஊட்டியில், கொடைக்கானலில் வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து இலைகூட எடுத்து வரக் கூடாது, அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், பல மாதம் பனிக்கு அடியில் உறங்கி எழுகிற செடிக்கு நம் மலைகளில் அந்த உறக்கம் கிடைக்காது.

காங்கரியா திரும்பியதும் தேதி, ஏறத்தாழ உயரம், பாறையா சரிவா, தண்டில் எத்தனை பூ எத்தனை மொட்டு என்று நாலு வரி எழுதி வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் படத்தோடு பதிவிட்டால் செடி எப்போது எங்கே பூக்கிறது என்று ஆராய்கிறவர்களுக்கு உதவும். ஐநேச்சுரலிஸ்ட்டில் பதியும்போது இருப்பிடத்தை மறைத்து வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வேர் தோண்டுகிறவர்களும் இணையம் பார்க்கிறார்கள். சமூக ஊடகத்தில் போடும்போதும் 'எந்த வளைவில், எந்தப் பாறையில்' என்று துல்லியமாக எழுத வேண்டாம்.

9. பார்க்க முடியாவிட்டால்

இரண்டு நாளும் மழை கொட்டி ஹேம்குண்ட் பாதையை மூடிவிட்டார்கள் என்றால், ஒதுக்கி வைத்த ஐந்தாம் நாளை அதற்குக் கொடுங்கள். பள்ளத்தாக்கை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. அதுவும் முடியாவிட்டால் காங்கரியாவில் இருக்கும் உள்ளூர் வழிகாட்டிகளிடம் கேளுங்கள். முந்தைய நாள் மேலே போனவர்கள் எங்கே பார்த்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பியூந்தார், புல்னா மக்களின் சூழல் மேம்பாட்டுக் குழு பாதையின் குப்பையை அள்ளிச் சுத்தம் செய்கிறது. அந்த ஊர்க்காரர்களில் ஒருவரை ஒரு நாளைக்கு வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டால், நாம் தனியாக நடந்து தவறவிடுகிற பாதிச் செடிகளை அவர் காட்டிவிடுவார்.

அப்புறம், அடுத்த ஆண்டு போவதென்றால் இந்த ஆண்டு எழுதிவைத்த குறிப்பைப் பாருங்கள். தண்டின் உச்சி காய்த்துப்போயிருந்தது என்று எழுதியிருந்தால் ஒரு வாரம் முன்னதாகவும், மொட்டுகள் மட்டும் இருந்தன என்று எழுதியிருந்தால் ஒரு வாரம் தள்ளியும் பயணச்சீட்டு போடுங்கள்.